மகன் திரும்பத் திரும்பக் கேட்கிறான். நான் பதில் சொல்லலாமா, கூடாதா?

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறான். ஒன்றரை வருஷமாகக் கை கழுவிக்கொண்டே இருக்கிறான். குளிக்கப் போனால் வெளியே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ராத்திரி கேஸ் மூடியிருக்கிறதா என்று எழுந்து எழுந்து பார்க்கிறான். "அம்மா, என் கை சுத்தமா இருக்கா, சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். "சுத்தமா இருக்குடா" என்று நான் சொன்னால்தான் சாப்பிட உட்காருவான். போன மாதம் ஒரு நாள் அழுதுகொண்டே, "கத்தியைப் பார்த்தா உன்னைக் குத்திடுவேனோன்னு தோணுதும்மா" என்றான். அன்றிலிருந்து கத்தி, அரிவாள்மனை எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டேன். என் கணவர் திட்டுகிறார். சில நாள் கோபத்தில் மோட்டாரை அணைத்துவிடுகிறார். மனநல மருத்துவர் ஓசிடி (எண்ணச் சுழற்சி நோய்) என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். மூன்று வாரம் சாப்பிட்டும் மாற்றம் இல்லை. "இதெல்லாம் பழகிடும்" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தியதால் நிறுத்திவிட்டோம். அவனுக்கு நான் பதில் சொல்லலாமா, கூடாதா? என் வளர்ப்பில்தான் ஏதாவது தப்பா? (பெயர், ஊர் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கத்தி விஷயத்தை முதலில் பேசிவிடுகிறேன். உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருப்பது அதுவாகத்தான் இருக்கும்.

உங்கள் மகன் அந்த வார்த்தையை அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார். அந்த அழுகையைக் கவனியுங்கள். ஒருவரைத் தாக்க நினைப்பவர் அந்த நினைப்பைக் கண்டு நடுங்கிப் போய் அம்மாவிடம் ஓடி வந்து சொல்வதில்லை. ஓசிடியில் வரும் இந்த மாதிரி எண்ணங்கள், அந்த மனிதருக்கு எது உயிரோ அதையே குறி வைத்து வரும். பக்தி உள்ளவருக்குச் சாமியைப் பற்றி அசிங்கமான எண்ணம் வரும். கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்க்குக் குழந்தையைக் கீழே போட்டுவிடுவோமோ என்று வரும். அம்மா மேல் உயிராக இருக்கும் பிள்ளைக்கு இப்படி வருகிறது. இது அவருடைய ஆசை இல்லை, அவருடைய பயம். மனநல மருத்துவர் ஒருவர் நேரில் பார்த்து இதை உறுதி செய்ய வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், நான் அவரைக் கண்டு பயப்படவில்லை. அவருக்காகக் கவலைப்படுகிறேன், அவ்வளவுதான்.

இந்த மாதிரி எண்ணம் நோயாளிகளுக்கு மட்டும் வருவதும் இல்லை. 1978-இல் லண்டனில் ஸ்டான்லி ராக்மன் என்பவரும் இலங்கையைச் சேர்ந்த உளவியலாளர் பத்மல் டி சில்வாவும் சேர்ந்து, எந்த மனநோயும் இல்லாத சாதாரண மனிதர்களிடம் இதைக் கேட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்கள் "ஆமாம், எனக்கும் வருகிறது" என்றார்கள். யாரையாவது தள்ளிவிடுவோமோ, நாலு பேர் நடுவில் சத்தம் போட்டுவிடுவோமோ என்கிற அதே ரகம்தான். 2014-இல் வெளியான இன்னொரு ஆய்வில் 13 நாடுகளில் 777 மாணவர்களிடம் கேட்டார்கள். முந்தைய மூன்று மாதத்தில் ஒரு தடவையாவது அப்படி ஒரு வேண்டாத எண்ணம் வந்ததாக ஏறக்குறைய 94 சதவீதம் பேர் சொன்னார்கள். மற்றவர்கள் "சீ, என்ன நினைப்பு இது" என்று விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். ஓசிடி இருப்பவர், "இப்படித் தோன்றுகிறது என்றால் நான் கெட்டவனோ? நிஜமாகவே செய்துவிடுவேனோ?" என்று அதைப் பிடித்துக்கொள்கிறார். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

இப்போது பரணுக்கு வருவோம். நீங்கள் கத்தியை ஒளித்து வைத்தபோது உங்கள் மகன் மனசுக்கு என்ன செய்தி போயிருக்கும்? "அம்மாவே என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள். அப்படியானால் நான் நிஜமாகவே ஆபத்தானவன்தான்." நீங்கள் அப்படி நினைத்துச் செய்யவில்லை, எனக்குத் தெரியும். அவரைக் காப்பாற்றத்தான் செய்தீர்கள். ஆனால் ஓசிடி அதை அப்படித்தான் படிக்கும். நாளைக்கே எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. மருத்துவர் ஒருமுறை பார்த்துச் சரி என்று சொல்லட்டும். அப்புறம் அந்தக் கத்தி சமையலறைக்குத் திரும்புவதையே சிகிச்சையின் ஒரு படியாக வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் உங்கள் பக்கத்தில் நின்று அவரே வெங்காயம் நறுக்க வேண்டும். நிறைய பேர் அதைச் செய்கிறார்கள்.

அடுத்தது கேஸ். இதைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. உங்கள் மகனுக்கும் சொல்லுங்கள், இன்ஜினியரிங் படிப்பவர், அவருக்கும் பிடிக்கும். 2003-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த மார்செல் வான் டென் ஹவுட், மெரல் கிண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், கம்ப்யூட்டர் திரையில் ஒரு கேஸ் அடுப்பை உருவாக்கி, ஓசிடி இல்லாத ஆரோக்கியமான ஆட்களைக் கூப்பிட்டு அதைத் திரும்பத் திரும்ப மூடிச் சரிபார்க்கச் சொன்னார்கள். கடைசியில், "கடைசி தடவை எந்தப் பர்னரை மூடினீர்கள்?" என்று கேட்டார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். ஞாபக சக்தி எங்கும் போகவில்லை. ஆனால் "உறுதியாகத் தெரியுமா?" என்று கேட்டால் தடுமாறினார்கள். அந்தக் காட்சி மங்கிவிட்டது, நம்பிக்கை போய்விட்டது என்றார்கள். பிறகு கனடாவில் ஆடம் ரடோம்ஸ்கியின் குழு நிஜ அடுப்பை வைத்துச் செய்து பார்த்தபோதும் இதே முடிவுதான் வந்தது.

அதாவது, சந்தேகம் வருவதால் மட்டும் சரிபார்ப்பதில்லை. சரிபார்ப்பதாலேயே சந்தேகம் வளர்கிறது. ஒரு குறையும் இல்லாத மூளையையும் இப்படிச் சந்தேகத்தில் தள்ளிவிட முடியும் என்றால், ஏற்கெனவே பயந்து போயிருக்கும் பிள்ளையின் கதி என்ன? அவர் நாலாவது தடவை எழுந்து போவது பொறுப்பில்லாமலோ மறதியாலோ அல்ல. மூன்றாவது தடவை போனதுதான் நாலாவது தடவையைக் கூட்டி வருகிறது.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. பதில் சொல்லலாமா, கூடாதா?

"கை சுத்தமா இருக்கா" என்று அவர் உங்களிடம் கேட்பதும் ஒரு சரிபார்ப்புதான். அடுப்புக்குப் பதிலாக உங்களை வைத்துச் சரிபார்க்கிறார். கொசு கடித்த இடத்தைச் சொறிவது போலத்தான் இது: அந்த நிமிஷம் சுகம், அப்புறம் முன்பைவிட அதிகமாக அரிக்கும். நீங்கள் சொல்லும் "சுத்தமா இருக்குடா" சில நிமிஷம்தான் தாங்கும். அடுத்த தடவை இன்னும் உறுதியாகச் சொல்ல வேண்டியிருக்கும். அவர் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். சத்தியம் பண்ணச் சொல்வார். இதற்கெல்லாம் உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். 1995-இல் அமெரிக்காவில் லிசா கால்வோகொரெசி குழு ஓசிடி நோயாளிகளின் பெற்றோரிடமும் துணைவர்களிடமும் விசாரித்தபோது, 88 சதவீதம் பேர் ஏதோ ஒரு விதத்தில் நோய்க்கு இடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாசம் உள்ள வீட்டில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் அப்படி எவ்வளவு அதிகமாக இடம் கொடுக்கிறோமோ அவ்வளவுக்கு நோயும் கடுமையாக இருப்பதை அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

அதனால் பதில் சொல்வதைக் குறைக்க வேண்டும். ஆனால் நாளைக் காலையில் திடீரென்று வாயை மூடிக்கொள்வது வேண்டாம். அது அவருக்குத் தண்டனை மாதிரி இருக்கும், உங்களாலும் தாங்க முடியாது. முதல் ஒரு வாரம் எதையும் மாற்றாமல், ஓசிடிக்காக நீங்கள் என்னவெல்லாம் செய்கிறீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அவருக்கு மட்டும் தனித் துண்டு, பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று "போதும்டா, சோப்பு போயிடுச்சு" என்று சொல்வது, விருந்தாளி உட்கார்ந்த நாற்காலியைத் துடைப்பது, மாதத்துக்கு இத்தனை சோப்பு வாங்கி வைப்பது. பட்டியல் நீளமாக இருக்கும். பார்த்து அதிர்ச்சி அடைய வேண்டாம்.

அப்புறம், அவர் நிதானமாக இருக்கும் நேரமாகப் பார்த்து, மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள். கை கழுவிக்கொண்டிருக்கும் நேரத்தில் பேசாதீர்கள், அப்போது எதுவும் காதில் ஏறாது. பட்டியலில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வியையே எடுக்கலாம். "நான் பதில் சொல்லச் சொல்ல உன் ஓசிடி வளருதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். இனிமே சாப்பாட்டு நேரத்துல அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போறதில்ல. ஆனா உன்னை விட்டுட்டுப் போக மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் கேட்கும்போது உங்கள் வாயில் வர வேண்டியது ஏறக்குறைய இதுதான்: "உனக்கு ரொம்பப் பதட்டமா இருக்குன்னு தெரியுதுப்பா. இது ஓசிடி கேக்கிற கேள்வி. நான் பதில் சொல்லல. உன்னால இதைத் தாங்க முடியும். நான் இங்கதான் இருக்கேன்." குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் போதும். அதன் பிறகு வேறு பேச்சு பேசலாம், சாதம் பிசையலாம், எதுவும் பண்ணலாம்.

முதல் சில நாள் அவர் கேட்பது அதிகமாகத்தான் செய்யும். கேள்வி வேறு வேஷத்தில் வரும். "வாயால சொல்ல வேணாம், தலையை மட்டும் ஆட்டு" என்பார். உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்பாவிடம் போவார். கோபப்படுவார், அழுவார். பதினைந்து தடவை மறுத்துவிட்டுப் பதினாறாவது தடவை மனசு இளகி "சரி, சுத்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டால், பதினாறு தடவை கேட்டால் பதில் கிடைக்கும் என்றுதான் ஓசிடி கற்றுக்கொள்ளும். அதனால்தான் சின்னதாக ஒன்றை மட்டும் எடுக்கச் சொல்கிறேன். உங்களால் உறுதியாக நிற்க முடிகிற அளவு மட்டும் போதும்.

யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்பவர் இந்த வழியை ஒரு முழுச் சிகிச்சையாகவே வளர்த்தெடுத்திருக்கிறார். அதில் பிள்ளை சிகிச்சைக்கே வருவதில்லை, பெற்றோருக்கு மட்டும்தான் பயிற்சி. பதட்ட நோய் உள்ள 124 குழந்தைகளை வைத்து அவர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தது, குழந்தைக்கு நேரடியாகச் சிகிச்சை கொடுத்ததற்குச் சளைக்காத பலனைத் தந்தது. அவர்கள் பள்ளி வயதுப் பிள்ளைகள், உங்கள் மகன் வளர்ந்தவர். ஆனாலும் இதிலிருந்து நான் உங்களுக்காக எடுத்துக்கொள்வது ஒன்று உண்டு: அவர் மாறட்டும் என்று காத்திருக்காமல், உங்கள் பக்கத்தில் நீங்கள் ஆரம்பிக்கலாம்.

உங்கள் கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். ஐயா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. பெற்ற பிள்ளை கண் முன்னால் இப்படி ஆவதைப் பார்க்கும் இயலாமைதான் அப்படி வெளியே வருகிறது. ஆனால் மோட்டாரை அணைத்தால் அவர் பயம் அணைவதில்லை. கழுவ முடியாமல் போன அந்த ராத்திரி முழுக்க அவர் உள்ளுக்குள் கழுவிக்கொண்டுதான் இருப்பார். 1999-இல் டயான் சாம்ப்ளஸ், கெயில் ஸ்டெகெட்டி இருவரும் செய்த ஆய்வில் ஒரு நுணுக்கமான விஷயம் வெளிப்பட்டது. வீட்டார் நோயாளி மேலேயே வெறுப்பைக் காட்டிய குடும்பங்களில் பாதிச் சிகிச்சையில் விட்டுப் போனவர்கள் அதிகம், பலனும் குறைவு. ஆனால் வெறுப்பில்லாமல், குறிப்பிட்ட நடத்தையை மட்டும் குறை சொன்னவர்கள் வீட்டில் அப்படி இல்லை, பலன் நன்றாகவே இருந்தது. "நீ ஒரு மணி நேரம் பாத்ரூமுக்குள்ளயே இருக்கிறது எங்களுக்குக் கஷ்டமா இருக்குப்பா" என்று தாராளமாகச் சொல்லுங்கள். "நீ உருப்பட மாட்டே" என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்களும் அம்மாவும் ஒரே பதிலைச் சொன்னால் அதுவே பெரிய மருந்து.

இனி சிகிச்சை. ஓசிடிக்கு இன்று இருக்கும் மிக வலுவான பேச்சுவழிச் சிகிச்சையின் பெயர் ஈஆர்பி. பயப்படும் விஷயத்தை வேண்டுமென்றே எதிர்கொள்வது, ஆனால் வழக்கமாகச் செய்யும் கழுவலையோ சரிபார்ப்பையோ செய்யாமல் இருப்பது, அவ்வளவுதான். 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இதை எழுதும் வரை ஓசிடி கிட்டத்தட்டத் தீராத நோய் என்றே நினைத்தார்கள். கேட்கக் கொடுமையாகத் தெரியலாம். நடக்கும் விதம் அப்படி இல்லை. உளவியலாளரும் உங்கள் மகனும் சேர்ந்து பயங்களைக் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசைப்படுத்துவார்கள். முதலில் வீட்டு கேட்டின் கொண்டியைத் தொட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டுவிட்டு அந்தக் கையைச் சட்டையில் தேய்த்துக்கொள்ள வேண்டும். கழுவாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். உளவியலாளர் "இப்போது பதட்டம் பத்துக்கு எத்தனை?" என்று அவ்வப்போது கேட்பார். எட்டு என்பார், அப்புறம் ஆறு என்பார். சில நாள் குறையாமலே போகும். குறையாவிட்டாலும் பரவாயில்லை என்பதுதான் சமீபகாலப் பார்வை. மிஷெல் கிராஸ்க் போன்ற உளவியலாளர்கள் வலியுறுத்துவது இது: பதட்டம் அந்த இடத்திலேயே வடிந்துவிட வேண்டும் என்பதில்லை. "நான் பயந்தது நடக்கவில்லை, பதட்டத்தோடும் என்னால் இருக்க முடிந்தது" என்று மூளை புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும். பிறகு பேருந்துக் கம்பி, காலேஜ் கேன்டீன் மேஜை, கடைசியில் கழுவாத கையோடு ஒரு முறுக்கு என்று போகும். எதையும் அவர் சம்மதம் இல்லாமல் செய்ய மாட்டார்கள். செய்யவும் கூடாது.

எவ்வளவு பலன் கிடைக்கும்? 2005-இல் எட்னா ஃபோவா குழு வெளியிட்ட ஆய்வில், 12 வாரத்தில் ஈஆர்பி பெற்றவர்களில் 62 சதவீதம் பேருக்கும், க்ளோமிப்ரமின் என்ற ஓசிடி மாத்திரையை மட்டும் சாப்பிட்டவர்களில் 42 சதவீதம் பேருக்கும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 8 சதவீதம் பேருக்கும் நல்ல முன்னேற்றம் கிடைத்தது. ஆக எல்லோருக்கும் கிடைத்துவிடுவதில்லை. குணமானவர்களுக்கும் பரீட்சை, வேலை மாற்றம் போன்ற நெருக்கடி நேரத்தில் கொஞ்சம் திரும்பி வரலாம். ஆனால் பயிற்சி தெரிந்தவர் அதைச் சமாளித்துவிடுவார்.

மாத்திரையை மூன்று வாரத்தில் நிறுத்தியதுதான் எனக்கு வருத்தம். ஓசிடிக்கு வழக்கமாகத் தரும் ஃப்ளூஆக்ஸெடின், செர்ட்ராலின் வகை மாத்திரைகள் போதைப் பழக்கத்தை உண்டாக்குபவை அல்ல. திடீரென்று நிறுத்தினால் சிலருக்குத் தலைசுற்றல், எரிச்சல் வரலாம், அதனால்தான் மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்கிறோம். மனச்சோர்வைவிட ஓசிடிக்குப் பெரும்பாலும் அதிக டோஸ் தேவைப்படும். பலன் தெரியவும் 8 முதல் 12 வாரம் ஆகும். மூன்று வாரத்தில் மாற்றம் இல்லை என்பதை வைத்து மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்லவே முடியாது. அதே மருத்துவரிடம் திரும்பப் போங்கள், நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். கோபிக்க மாட்டார், இது தினமும் நடப்பதுதான். அதோடு, ஈஆர்பி செய்யத் தெரிந்த ஒருவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரை சாப்பிட்டும் போதிய பலன் கிடைக்காத 100 பேரை வைத்து ஹெலன் பிளேர் சிம்ப்ஸன் குழு 2013-இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. கூடுதலாக ஈஆர்பி பெற்றவர்களில் 80 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. கூடுதலாக ரிஸ்பெரிடோன் என்ற இன்னொரு வகை மாத்திரை சாப்பிட்டவர்களில் 23 சதவீதம் பேருக்குத்தான். நம் ஊரில் ஓசிடி என்றால் மாத்திரைச் சீட்டோடு முடிந்துவிடுவது அதிகம். கேட்டு வாங்க வேண்டிய சிகிச்சை இது. கேட்பதில் தப்பே இல்லை.

வளர்ப்பில் தப்பா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, அம்மா. ஓசிடியில் மரபுக்குக் கணிசமான பங்கு உண்டு, மூளையில் சில நரம்புச் சுற்றுகள் இயங்கும் விதம் மாறியிருக்கிறது. 1992-இல் அமெரிக்காவில் லூயிஸ் பாக்ஸ்டர் குழு எடுத்த ஸ்கேன்களில், சிகிச்சையில் தேறியவர்களுக்கு மூளையின் ஒரு குறிப்பிட்ட பகுதியின் இயக்கம் தணிந்திருந்தது. மாத்திரையால் தேறியவர்களுக்கும் சரி, வெறும் பயிற்சியால் தேறியவர்களுக்கும் சரி, அதே மாற்றம்தான். மூளையில் இருப்பதால் மாற்ற முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கே போவது? மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், மருந்து இலவசம். சென்னை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் இரண்டிலும் பார்க்கலாம். நிம்ஹான்ஸில் ஓசிடிக்கென்றே தனிக் கிளினிக் உண்டு. உளவியலாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா என்று கேளுங்கள். "ஓசிடிக்கு ஈஆர்பி செய்வீர்களா, எப்படிச் செய்வீர்கள்?" என்றும் கேளுங்கள். பதிலில் வீட்டுப்பாடம், படிப்படியான பயிற்சி என்றெல்லாம் வர வேண்டும். வெறுமனே ஆறுதலும் ரிலாக்ஸேஷனும் மட்டும் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். உடனே யாரிடமாவது தமிழில் பேச வேண்டும் என்றால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம். "செத்துப் போயிடலாம்னு இருக்கு" என்கிற மாதிரி அவர் ஏதாவது பேசினால் இந்த வாரம், அடுத்த வாரம் என்று காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. உங்கள் மகன் கத்தி எண்ணத்தை மருத்துவரிடம் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். வெட்கத்தில் பெரும்பாலானவர்கள் கை கழுவுவதை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். வாயால் சொல்ல முடியாவிட்டால் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதை நீங்கள் வாங்கிப் படிக்க வேண்டாம். அவரே மருத்துவர் கையில் கொடுக்கட்டும். அவர் உள்ளே பேசும்போது நீங்களும் கணவரும் வெளியே உட்கார்ந்திருங்கள், கூப்பிட்டால் போகலாம்.